இருபத்தொரு கியர் தாய்மாமன்

எதையும் பாதி மட்டும் தெரிந்து வைத்திருப்பதில் பத்திரிகை அலுவலகத்தின் டெஸ்க்கில் உட்கார்ந்திருப்பவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. ரிப்போர்ட்டர் வெயிலில் அலைந்து எழுதிக்கொண்டு வருவார். நாங்கள் ஏசி அறையில் உட்கார்ந்து அதில் பிழை திருத்துவோம். திருத்தி முடித்ததும், அந்த விஷயம் நமக்கும் தெரியும் என்று ஒரு நினைப்பு வந்துவிடும். இதய அறுவை சிகிச்சை பற்றி நான் எத்தனையோ கட்டுரைகளைத் திருத்தியிருக்கிறேன். இறால் வளர்ப்பு பற்றியும் உண்டு. நல்லவேளையாக இதுவரை யாரும் என் கையில் ஒரு இதயத்தையோ இறாலையோ கொடுத்துப் பார்க்கவில்லை. கியர் சைக்கிளை மட்டும் நானே காசு கொடுத்து வாங்கினேன்.

வாங்கத் தூண்டியது கதிரின் கட்டுரை. கதிர் எங்கள் ரிப்போர்ட்டர்களில் இளையவன். ஞாயிறு விடிவதற்குள் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்காவது மலையடிவாரத்துக்குப் போய்விட்டு, திங்கட்கிழமை முழுக்க அதைப் பற்றியே பேசுகிறவன். எந்தத் தரையில் எந்த கியர் போட வேண்டும் என்று இணைப்பிதழுக்கு ஒரு கட்டுரை எழுதித் தந்தான். பெடலோடு சேர்ந்து மூன்று பல்சக்கரம், பின்சக்கரத்தின் நடுவில் ஏழு. மூவேழு இருபத்தொன்று. பெடல் பக்கத்தை மாற்ற இடது கை விசை, பின்பக்கத்தை மாற்ற வலது கை விசை. சமதளத்தில் பெடல் பக்கம் பெரியதும் பின்னால் சின்னதும் இருந்தால் ஒரு மிதிக்கு வண்டி நெடுந்தூரம் போகும். மேட்டில் அதற்கு நேர்மாறு. மிதி லேசாக இருக்கும், வண்டி மெதுவாக ஏறும்.

நல்ல கட்டுரை. அச்சுக்குப் போகிற நேரத்தில் ஒரு நகைக்கடை விளம்பரம் வந்து கால் பக்கத்தைப் பிடித்துக்கொண்டது. இடம் போதாவிட்டால் கட்டுரையைக் கடைசியிலிருந்து வெட்டிக்கொண்டு வருவது எங்கள் தொழில் வழக்கம். முக்கியமானதெல்லாம் மேலே இருக்கும், கீழே இருப்பது உபரி என்பது நம்பிக்கை. கதிரின் கடைசி இரண்டு பத்திகளை எடுத்துவிட்டேன். படித்துவிட்டுத்தான் எடுத்தேனா என்று கேட்டால், முடிவெட்டுகிறவர் கீழே விழுந்த முடியைக் குனிந்து பார்க்கிறாரா என்று நானும் கேட்க வேண்டியிருக்கும்.

அந்தப் பத்திகளில் இருந்தது இவ்வளவுதான். மேடு வருவதற்கு முன்பே கியரை மாற்றிவிட வேண்டும், ஏறத் தொடங்கிய பிறகு அல்ல. மாற்றும்போது பெடலில் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். இரண்டு விசைகளையும் ஒரே நேரத்தில் தொடக் கூடாது. நிற்கப் போகிறோம் என்றால் நிற்பதற்கு முன்பே லேசான கியருக்கு வந்துவிட வேண்டும். (வாசகர்களுக்கு இப்போதாவது முழுக் கட்டுரையும் கிடைத்துவிட்டது.)

எங்கள் வீடு கோச்சடையில். அங்கே தரை மட்டமாகக் கிடக்கும். எங்கள் தெருவில் உயரமான இடம் வேகத்தடைதான். சைக்கிளை வாங்கிய பிறகு தினமும் காலையில் ஆற்றோரமாக ஓட்டிவிட்டு வருவேன். எல்லா நாளும் ஒரே கியர், இருப்பதிலேயே கனமானது. மற்ற இருபதும் வண்டியில் இருக்கின்றன என்ற நிம்மதியே போதுமானதாக இருந்தது, பீரோவில் பட்டுச்சேலை இருப்பதைப் போல.

இந்த நேரத்தில்தான் அக்கா மகள் யாழினிக்குக் காதுகுத்து வைத்தார்கள். அவளுக்கு அப்போது மூன்று வயது. இடம், கீழக்குயில்குடியைத் தாண்டி ஒரு மேட்டில் இருக்கும் மச்சான் வீட்டுக் குலதெய்வக் கோயில். குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். மடி கொடுப்பது என்றால் வேறொன்றும் இல்லை, சும்மா உட்கார்ந்திருப்பதுதான். ஆனால் அப்படிச் சும்மா உட்காரும் உரிமைக்காகப் பல வருடம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கும் குடும்பங்கள் எங்கள் சொந்தத்தில் உண்டு. அக்காவுக்கு உடன்பிறந்தவன் நான் ஒருவன்தான். எனவே மடி என்னுடையது. நான் இல்லாவிட்டால் அடுத்த மடி சித்தப்பா மகன் சரவணனுடையது.

சரவணன் என்னைவிட ஆறு மாதம் இளையவன். காளவாசலில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறான். தினமும் காலையில் எங்கள் பத்திரிகையில் எழுத்துப்பிழை கண்டுபிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவான். நான் லீவில் இருந்த நாட்களின் பிழைகளும் என் கணக்கில்தான் ஏறும்.

விசேஷத்துக்கு முந்தைய வாரம் சீர் பற்றிப் பேச அக்கா வீட்டில் கூடினோம். நான் சைக்கிளில் போயிருந்தேன். சரவணன் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான்.

"இருபத்தொரு கியராடா? எங்கடைக்கு டைல்ஸ் ஏத்திட்டு வர்ற லாரிக்கே அம்புட்டு கெடையாது."

கதிரின் கட்டுரையில் என் கத்தரிக்குத் தப்பிய பகுதி முழுவதையும் அவனுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, அப்படியென்றால் கோயில் மேட்டில் இதில் ஏறிக் காட்டு பார்ப்போம் என்றான். காதுகுத்துக்கு இதில்தான் வரப்போகிறேன் என்று சொல்லிவிட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். உனக்கு முன்னால் அங்கே நிற்பேன் என்றும் சொன்னேன்.

அடுப்படியில் இருந்து அக்கா வெளியே வந்தாள். "டேய், வெளாட்டெல்லாம் வச்சுக்கிராத. வெள்ளிக்கெழம, பத்தரைக்கு ராகு காலம். எங்க மாமியா வீட்டு ஆளுக அம்புட்டுப் பேரும் ஒம்மடியத்தான் பாத்துக்கிட்டு இருப்பாக."

அவள் சொன்னதன் கனம் எனக்கும் தெரியும். மச்சான் வீட்டில் ஆள் பெருத்த குடும்பம். அங்கே அக்காவின் பக்கமாக நிற்க இருப்பவன் நான் ஒருவன். "பொண்ணோட தம்பி பேப்பர் ஆபீஸ்ல என்னமோ திருத்துறானாம்" என்ற அளவில்தான் என்னைப் பற்றி அங்கே பேச்சு இருந்தது. மடியில் குழந்தையோடு பட்டு வேட்டியில் நான் உட்காருகிற அந்த ஒரு காட்சியை அக்கா மாதக்கணக்கில் மனதில் ஓட்டிப் பார்த்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை, சீர்த் தட்டுகளையும் அப்பா அம்மாவையும் ஏற்றிக்கொண்டு குட்டியானை வேன் வாசலில் நின்றது. நான் அரை டவுசர், ஹெல்மெட், முதுகில் பை என்று இறங்கி வந்தேன். பட்டு வேட்டியும் சட்டையும் பைக்குள். கோயிலுக்கு அருகில் மாற்றிக்கொள்வது திட்டம். என் மனைவி தேவி என்னை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள்.

"ஏங்க, சைக்கிளையும் தூக்கி வண்டில போட்டுருவோம். கோயிலுக்குக் கொஞ்சம் முன்னாடி எறக்கிவிடுறேன். அங்கேர்ந்து மிதிச்சு வந்த மாதிரியே வாங்க."

தேவி சொன்ன யோசனைகளில் நான் ஏற்காமல் விட்டவற்றுள் மிகச் சிறந்தது இது. அது மோசடி என்றேன். வருடக்கணக்கில் தூங்கிக்கொண்டிருந்த பத்திரிகைக்காரனின் நேர்மை, அன்று பார்த்து எழுந்து உட்கார்ந்துகொண்டது.

கோச்சடையிலிருந்து காளவாசல் வரை நான் ராஜா. கனமான கியரில், ஒரு மிதிக்கு நாலு கடை தாண்டிப் போனேன். காளவாசலில் சிவப்பு விழுந்தது. நின்றேன். பச்சை விழுந்ததும் மிதித்தேன். பெடல் அசையவில்லை. எழுந்து நின்று முழு எடையையும் போட்டேன். பெடல் யோசித்தது. எனக்குப் பின்னால் நகரப் பேருந்து ஒன்றும் ஷேர் ஆட்டோக்கள் சிலவும் அவரவர் ஹாரனில் கருத்துத் தெரிவித்தன. ஒரு ஆட்டோக்காரர் என் பக்கத்தில் வந்து நிதானமாகத் தலையை நீட்டினார்.

"அண்ணே, பஞ்சர் சைக்கிளுக்கா ஒங்களுக்கா?"

இறங்கி, உருட்டிக்கொண்டு ஓரமாக வந்தேன். வந்த இடம் சரவணன் கடை வாசல். ஷட்டர் இறக்கியிருந்தது. ஆள் ஏற்கெனவே கிளம்பிவிட்டான்.

தேனி சாலையில் இழந்த நேரத்தைப் பிடித்துவிட்டேன். அந்தச் சாலை மட்டமானது, கனமான கியருக்கென்றே போட்டது போல இருக்கும். சமணர் மலை தெரியத் தொடங்கியபோது நேரம் பார்த்தேன், நிறைய மிச்சம் இருந்தது. தார்ச்சாலையிலேயே போயிருந்தால் கோயிலில் இட்லி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் எல்லாத் தரைக்கும் தன்னிடம் ஒரு கியர் இருப்பதாக நம்புகிறவன் தார்ச்சாலையில் போவது கௌரவக் குறைச்சல். கண்மாய்க்கரை வழியாகக் குறுக்கே போனால் சரவணனின் பைக்கையே முந்தலாம் என்று மனம் சொன்னது. கரையில் ஏறினேன்.

முதலில் கெட்டியான செம்மண், பிறகு மணல். மணலில் கனமான கியர் வேலைக்கு ஆகாது. சக்கரம் உழத் தொடங்கியது. விசைகளைக் குத்துமதிப்பாக அழுத்தினேன். பின்னால் எவர்சில்வர் பாத்திரக் கடையில் அலமாரி சரிந்த சத்தம் கேட்டது. ஆனால் கியர் மாறிவிட்டது, வண்டி நகர்ந்தது. அன்று எனக்கு நடந்த மிகப் பெரிய கெடுதல் இதுதான். தப்பாகச் செய்தும் ஒருமுறை சரியாக வந்துவிட்டதால், எனக்குக் கியர் போடத் தெரியும் என்று முடிவு செய்துவிட்டேன்.

கரை முடிகிற இடத்தில் சாலைக்கு ஏற ஒரு செம்மண் மேடு. மேலே வேப்பமரத்தடியில், நூறு நாள் வேலைக்கு வந்த இரண்டு பெண்கள் தூக்குச்சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பார்வையாளர்கள் இருப்பதால் வேகமாகவே மேட்டை அணுகினேன். பாதி ஏறியதும் மிதி இறுகியது. எழுந்து நின்று, உடம்பின் முழு எடையும் பெடலில் இருக்க, இரண்டு கை விசைகளையும் ஒரே நேரத்தில் கடைசி வரை அழுத்தினேன். வெட்டிய இரண்டு பத்திகளில் காளவாசலில் மீறியது போக மிச்சம் இருந்த எல்லாவற்றையும், ஒன்றுவிடாமல், ஒரே நொடியில் மீறிவிட்டேன்.

செய்தியாக எழுதினால் இப்படி வரும்: 'கண்மாய்க்கரை அருகே மேட்டில் ஏற முயன்ற சைக்கிள், நின்ற நிலையிலேயே மெதுவாக இடதுபுறம் சாய்ந்தது. அதில் பயணம் செய்தவர் காயமின்றித் தப்பினார். மானம் பற்றிய விவரம் உடனடியாகத் தெரியவில்லை.'

"ஏப்பா, எறங்கித் தள்ளிட்டுப் போனா என்ன?" என்றார் மூத்த பெண்.

"தள்ளுறதுக்கு அதுல கியரு இல்ல போல, விடுக்கா" என்றார் மற்றவர், ஊறுகாயை எடுத்துக்கொண்டே.

செயின் கழன்று, பெடல் பக்கத்துச் சின்னச் சக்கரத்துக்கும் சைக்கிளின் கம்பிக்கும் நடுவில் போய்ச் சிக்கியிருந்தது. இழுக்க இழுக்க இறுகியது. கை இரண்டும் மணிக்கட்டு வரை கறுத்தன. கதிருக்குப் போன் போட்டேன்.

"மேட்டுல ஏறும்போதா மாத்துனீங்கண்ணே?"

"ஏறும்போது மாத்தாம, எறங்கும்போதா மாத்துவாக?"

"ஏறுறதுக்கு முன்னாடியே மாத்திறணும்ணே. அதுவும் மிதியை லேசா விட்டுட்டு. அதத்தான கட்டுரைல கடைசியா எழுதிருந்தேன்."

"கட்டுரைல அப்படி ஒண்ணும் இல்லையே."

 கதிர் நல்ல பையன், மரியாதை தெரிந்தவன். மெதுவாக, "நீங்கதானண்ணே வெட்டுனீங்க" என்றான்.

செயினைத் தளர்த்தி வெளியே எடுப்பது எப்படி என்று அவன் சொல்லச் சொல்லச் செய்துகொண்டிருந்தபோது தேவியின் அழைப்பு வந்தது. சரவணன் மாலை போட்டுக்கொண்டு தயாராக நிற்பதாகச் சொன்னாள். ஆசாரி ஊசியை எடுத்து வைத்துவிட்டார் என்றும், மச்சானைப் பைக்கில் அனுப்பட்டுமா என்றும் கேட்டாள்.

"வேணாம். பக்கத்துல வந்துட்டேன்."

"எதுக்குப் பக்கத்துல?"

கண்மாய்க்குப் பக்கத்தில் என்று சொல்ல வாய் வரவில்லை. இதோ வந்துவிட்டேன் என்று வைத்துவிட்டேன்.

ஒருவழியாகச் செயின் மாட்டிக்கொண்டது. மாட்டிக்கொண்ட இடம் பெடல் பக்கம் மிகச் சின்னது, பின்னால் மிகப் பெரியது. சுவரில் கூட ஏறக்கூடிய கியர். மேட்டில் சும்மா ஏறிவிட்டேன். ஆனால் மேட்டுக்கு அப்பால் கோயில் அடிவாரம் வரை சமமான தார்ச்சாலை. அங்கே கியரை மாற்ற வேண்டும். மாற்றினால் மறுபடியும் கழன்றுவிடுமோ என்ற பயத்தில் விசைகளின் பக்கமே கையைக் கொண்டுபோகவில்லை. விளைவு, கால்கள் தையல் மெஷின் வேகத்தில் சுற்றின, வண்டி சாமி ஊர்வலத்தின் வேகத்தில் நகர்ந்தது. சற்று நேரத்தில் அந்த இரண்டு பெண்களும் தூக்குச்சட்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு, பேசியபடி நடந்து என்னைத் தாண்டிப் போனார்கள். போகிறபோது மூத்தவர் திரும்பிப் பார்த்தார். ஏதாவது சொல்லியிருக்கலாம்.

சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடியிருந்தால் முன்பே போய்ச் சேர்ந்திருப்பேன். அது எனக்கு இப்போது தெரிகிறது. வழியில் போய்க்கொண்டிருந்த எல்லோருக்கும் அப்போதே தெரிந்திருக்கிறது.

சரவணன் ஏறிக் காட்டச் சொன்ன கோயில் மேட்டை அந்தக் கியர் சுலபமாகவே ஏறியது, பார்க்கத்தான் அவன் அங்கே இல்லை. கோயில் வாசலில் கொட்டுமேளக்காரர்கள் நின்றார்கள். தாய்மாமன் வரும்போது அடிக்க வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தார்கள். அரை டவுசரும் கரிக் கையுமாக, மின்விசிறிபோல் காலைச் சுற்றிக்கொண்டு மெதுவாக வந்து சேர்ந்தவனைப் பார்த்ததும், அவர்களில் பெரியவர் அடிப்பதா வேண்டாமா என்று மச்சானைப் பார்த்தார். மச்சான் சாமியைப் பார்த்தார்.

உள்ளே யாழினி வீறிட்டுக்கொண்டிருந்தாள். சரவணன் மடியில் இருந்தாள். பெண் குழந்தைக்கு முதலில் இடது காது. அது முடிந்துவிட்டது. ஆசாரி இரண்டாவது ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மச்சான் வீட்டுப் பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அக்கா, தன் மகளைப் பார்க்காமல் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். எத்தனையோ பேட்டிகளில் எத்தனையோ முகங்களின் வர்ணனையைத் திருத்தியிருக்கிறேன். அந்த முகத்தை மட்டும் என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

பாதியில் மடி மாற்றுவது அவ்வளவு நன்றாக இருக்காது, உட்கார்ந்தவரே இருக்கட்டும் என்றார் மச்சானின் பெரியப்பா. நாலைந்து பேர் தலையாட்டினார்கள்.

"இன்னும் ஒரு காது இருக்குல்ல மாமா" என்றாள் அக்கா. குரலை உயர்த்தவில்லை. "அது எந்தம்பி மடியிலதான் குத்தணும்."

சரவணன் எழுந்திருக்கவில்லை. "ரெண்டு காதும் ஒரே மடின்னாத்தானக்கா அழகா இருக்கும்."

"அழகா வரத் தெரிஞ்சவனா இருந்தா வெள்ளனாவே வந்திருப்பான். நீ எந்திரிடா."

அவன் எழுந்தான். நான் உட்கார்ந்தேன். அரை டவுசர் மடியில் சம்பிரதாயம் செல்லாது என்று யாரோ சொல்ல, தேவி என் பையிலிருந்து பட்டு வேட்டியை உருவி டவுசரின் மேலேயே சுற்றிவிட்டாள். யாழினி என் கைகளைப் பார்த்துவிட்டுச் சரவணனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, இந்த மாமா வேண்டாம் என்று அலறினாள். மச்சான் வீட்டுக் கூட்டத்தில் முதல் சிரிப்பு அப்போதுதான் கிளம்பியது. அக்கா அவளைப் பிரித்து எடுத்து என் மடியில் இறக்கினாள். நான் இறுக்கிப் பிடித்தேன். ராகு காலத்துக்குச் சற்று முன்பாக ஆசாரி வலது காதைக் குத்தி முடித்தார். எனக்கும் சேர்த்து மேளம் அடித்தது.

காதுகுத்து ஆல்பத்தில் எதிரெதிராக இரண்டு படங்கள் உண்டு. ஒன்றில் சரவணன், சந்தனப் பொட்டும் மாலையுமாக. இன்னொன்றில் நான், மாலையும் ஹெல்மெட்டுமாக. ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டும் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. யாழினியின் பச்சைப் பட்டுப்பாவாடையில் இரண்டு பக்கமும் என் பத்து விரல்களும் தெளிவாக விழுந்திருக்கின்றன.

அடுத்த ஞாயிறு கதிரின் இரண்டு பத்திகளையும் தனியாகக் கட்டம் கட்டிப் பிரசுரித்தேன். அதில் இருந்த எழுத்துப்பிழையை ஆறரை மணிக்கெல்லாம் சரவணன் வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டான்.

சைக்கிள் இன்னும் இருக்கிறது. இப்போது மேடு கண்ணில் பட்டதுமே காலை லேசாக்கி கியரை மாற்றிவிடுகிறேன், செயின் ஒரு முணுமுணுப்போடு நகர்ந்து உட்காருகிறது. ஆனால் நான் கற்றுக்கொண்டது பற்றி எங்கள் குடும்பத்தில் யாருக்கும் அக்கறை இல்லை. அவர்கள் சொத்துப் பிரித்துவிட்டார்கள். இடது காது சரவணன் மாமாவுக்கு, வலது காது எனக்கு. கம்மல் தொலைந்தால் எந்தப் பக்கத்துக் கம்மல் என்று பார்த்துத்தான் போன் வரும். யாழினிக்கு இப்போது எட்டு வயது. நான் ஏதாவது புத்தி சொல்ல ஆரம்பித்தால் உடனே இடது பக்கத்தைத் திருப்பிக்கொள்கிறாள். "இது சரவணன் மாமா காது. இதுல நீங்க பேசக் கூடாது" என்கிறாள். சரவணன் கண்டித்தால் வலது பக்கம் திரும்பும். இந்த ஏற்பாட்டில் அவள் யார் சொல்வதையும் கேட்க வேண்டியதில்லை.

போன மாதம் அக்கா போன் செய்தாள். யாழினிக்குக் காது வலி, பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் வந்துவிட்டாளாம். மச்சான் வெளியூரில் இருந்தார். நான் முதலில் கேட்டது, எந்தக் காது என்றுதான்.

"ஒங்காதுதான்டா. டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போகணும்" என்றாள் அக்கா. "வெரசா வா. சைக்கிள எடுத்துட்டு வந்துராத."